அடுக்களைச் சுவரை இடித்தோம்

முதல் செங்கல் உள்பக்கமாக விழுந்தது.

நான் அடுக்களைக்குள் நின்று, புளிப்பானைக்கும் ஊறுகாய்ப் பரணிகளுக்கும் சாக்கு போர்த்திக்கொண்டிருந்தேன். தொப்பென்று ஒரு சத்தம். பின்னாலேயே செம்மண் தூசி. அது அடங்குவதற்குள், செங்கல் இருந்த இடத்தின் வழியாக ஒரு கற்றை வெளிச்சம் உள்ளே பாய்ந்து எதிர்ச்சுவரில் விழுந்தது. கட்டிய நாளிலிருந்து அந்தப் பக்கத்து வெளிச்சத்தையே பார்த்தறியாத அடுக்களை அது. சுவரில் அத்தனை கரி இருந்ததை நானே அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஓட்டையில் கண்ணை வைத்து எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் பட்டாசல் என்கிற கூடத்தில், கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி பாக்கியம் மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமுடியெல்லாம் செங்கல் பொடி. கண் மட்டும் பளபளவென்று இருந்தது.

"ஏட்டி எஸ்தரு, அந்த உறி எப்பம் இவ்வளவு கரியாச்சு? என் அடுக்களைய என்ன செஞ்சு வச்சிருக்க நீ?" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கடப்பாரையோடு நின்ற இசக்கிக் கொத்தனாரும் சிரித்தார். மதினி அந்த அடுக்களையைக் கண்ணால் பார்த்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகப் பிரம்பு பிடித்த கதையை எழுதியிருந்தேன். இந்த வாரம் கடப்பாரை. இரண்டில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவேன்.

வளவு வீடு

ஜெர்மனி யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முந்தி நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பெண்பிள்ளைகள் பள்ளியில் வாத்திச்சியாக இருந்தேன். என் வீட்டுக்காரர் சாமுவேல், கோர்ட்டில் குமாஸ்தா.

நாங்கள் இருந்தது ஒரு வளவு வீடு. வளவு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். ஒரே வரிசையாக, ஒட்டி ஒட்டிக் கட்டின வீடுகள். ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். மேலே ஓட்டுக்கூரையும் ஒரே நீட்டு. இந்தக் கோடியில் குழந்தை அழுதால் அந்தக் கோடியில் தொட்டிலை ஆட்டுவார்கள்.

எங்கள் வீட்டை என் மாமனார் கட்டினார். மாமா முக்கூடல் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் வேதம் போதிக்கிற உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ரொம்பக் குள்ளம். குரல் மட்டும் கோயில் மணி மாதிரி. தெருவாசலுக்குத் தன் உயரத்துக்குத் தக்கபடி நிலை வைத்துக்கொண்டார். கீழே முழங்கால் உயரத்துக்கு ஒரு வாசல்படி. குனியவும் வேண்டும், காலைத் தூக்கவும் வேண்டும். பழகாத ஆள் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யத் திணறிப் போவார்.

உள்ளே வந்தால் இருட்டு நடை. அதில் குடம், விறகு, குடை, மாமாவின் செருப்பு எல்லாம் கிடக்கும். நடை ஒரு சுவரில் போய் முட்டும். அங்கே இடது பக்கம் திரும்பினால் மாமாவின் அறை. அவர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனால்தான் பட்டாசல்.

அடுக்களை விஷயம் இதைவிட விசேஷம். பட்டாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். ஆனால் அடுக்களைக்கு வாசல் பின்முற்றத்தில். பட்டாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கரண்டி ரசம் ஊற்ற வேண்டுமென்றால், வெளியே இறங்கி, முற்றத்தைச் சுற்றி, இன்னொரு படி ஏறி வரவேண்டும். ஐப்பசி மழையில் தலைக்கு மேல் ஓலைக்குடை, இடுப்பில் சோற்றுச் சட்டி. நான் கொண்டுவந்து சேர்க்கிற ரசத்தில் பாதி மிளகு, பாதி மழை என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்வாரே தவிர, குடையை வந்து பிடிக்கமாட்டார்.

மதினி

பாக்கியம் மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. கணவர் இலங்கையில் காலராவில் இறந்துபோக, பிள்ளை இல்லாமல் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தவர். என் வீட்டுக்காரருக்குத் தாய் முகமே தெரியாது. அவரை வளர்த்தது மதினிதான். அந்த அடுக்களையும் மதினியுடையதுதான்.

மதினி அரிசி, பருப்பு, காய் எல்லாம் ஒன்றாகப் போட்டுக் கூட்டாஞ்சோறு கிண்டினால் வளவு முழுக்க ஒரு அமைதி வரும். முருங்கைக்கீரையை இறக்குகிற சமயத்தில் அள்ளிப் போடுவார். அந்த வாசம் சுவர் தாண்டிப் போகும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு கிண்ணத்தை நீட்டிக்கொண்டு, "சும்மாதான் வந்தேன்" என்று வந்து நிற்பார்கள்.

நான் கல்யாணமாகி வந்த முதல் சித்திரையில், வண்ணார்பேட்டைப் படித்துறையில் பாசி வழுக்கி மதினி விழுந்தார். இடுப்பில் அடி. எலும்பு எப்படியோ கூடிவிட்டது. வலது கால் மட்டும் மடங்க மறுத்துவிட்டது. எழுந்து நிற்கலாம். கம்பை ஊன்றிச் சமதளத்தில் நாலடி வைக்கலாம். தரையில் உட்கார முடியாது, படி ஏற முடியாது. தரையில் உட்காராமல் அந்தக் காலத்தில் சமைப்பது எப்படி? படி ஏறாமல் எங்கள் வீட்டில் எங்கேயாவது போவதுதான் எப்படி?

ஆகவே பட்டாசல் கட்டிலே கதி என்று ஆனது. சமையல் என் தலையில் விழுந்தது. எனக்குக் கணக்கு வரும், பூகோளம் வரும், குழம்பு வராது.

மதினி கட்டிலில் கிடந்தபடியே சுவரைத் தட்டுவார். "ஏட்டி, கடுகு கருகுது! வாசம் வருதுலா, மூக்கு இல்லையா ஒனக்கு?" நான் இந்தப் பக்கத்திலிருந்து, "எறக்கிட்டேன் மதினி!" என்று கத்துவேன். கொஞ்ச நாள் இது வேடிக்கையாக இருந்தது. அப்புறம் தட்டுவது குறைந்தது. பிறகு நின்றே போனது. கடுகு கருகினாலும் கேட்பதில்லை. வைத்த சோற்றில் பாதி தட்டிலேயே இருக்கும். ஒருநாள் நான் தலைவாரிவிடும்போது, "எனக்கு இனி எதுக்குட்டி தலைவாரல்? யாரு பாக்கப் போறா?" என்றார். சீப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

மாமாவும் தீயும்

எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானி அம்மாளின் பங்களாவுக்கு நான் அடிக்கடி போவதுண்டு. அங்கே சமையல்காரர் நின்றுகொண்டே சமைப்பார். இடுப்பு உயரத்துக்குச் செங்கல் மேடை, அதன் மேல் அடுப்பு. எத்தனையோ தடவை பார்த்ததுதான். சீப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற மறுநாள்தான் அதை நிஜமாகவே பார்த்தேன். வீட்டுக்கு ஓடி வந்தேன் என்றே சொல்லவேண்டும்.

"மாமா, இந்தச் சுவத்த ஒரு வாசல் அகலத்துக்கு இடிச்சிருவோம். உள்ள ஒரு மேடை கட்டுவோம். மதினி கட்டில்ல இருந்து எந்திச்சு நேரா அடுப்புக்கே போயிரலாம்."

மாமா படித்துக்கொண்டிருந்த வேதபுத்தகத்தை மூடினார். "சுவத்தத் தொடக்கூடாது" என்றார். அவ்வளவுதான்.

அதற்குக் காரணம் இருந்தது. மாமா பிறந்தது களக்காட்டுப் பக்கம். சின்ன வயதில் அவர்கள் தெருவில் ஒரு வீட்டு அடுப்பிலிருந்து பொறி பறந்து ஓலைக்கூரையில் விழுந்தது. மேல்காற்று வீசி அடிக்கிற நேரம். தெருவே எரிந்து போனது. மாமாவின் தம்பி ஒருவன் தூளியில் கிடந்தான். அதற்கு மேல் மாமா சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பிறகு சொந்தமாக வீடு கட்டியபோது அடுக்களைக்கும் படுக்கிற இடத்துக்கும் நடுவே ஒரு பொட்டு இடைவெளி இல்லாமல் தடித்த சுவர் எழுப்பினார். "தீக்கும் நமக்கும் நடுவுல ஒரு சுவரு வேணும்மா" என்பார்.

அதற்குமேல் நான் எப்படிப் பேச?

போதகரின் நெற்றி

வழி வேறு திசையிலிருந்து வந்தது. எங்கள் சபைக்குப் புதிதாக ஒரு போதகர் வந்தார். நல்ல உயரம், வாலிபர், வேக நடைக்காரர். வீடு வீடாகச் சந்திக்க வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். கீழே படியைப் பார்த்துக் காலைத் தூக்கினார். மேலே பார்க்கவில்லை.

அந்தச் சத்தம் அடுக்களையில் இருந்த எனக்கே கேட்டது. ஓடி வந்து பார்த்தால், போதகர் நடையில் விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறார். நெற்றியிலிருந்து ரத்தம் வழிகிறது. மாமா தோள்துண்டால் அதை ஒற்றிக்கொண்டிருக்கிறார். நான் மஞ்சளைக் குழைத்து அப்பினேன். போதகர் பெரிய மனசுக்காரர். "ஒண்ணுமில்ல உபதேசியாரே" என்று சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நெற்றிக் கட்டோடு பிரசங்க பீடத்தில் ஏறினார். சபையில் ஒருவர் பாக்கியில்லாமல் திரும்பி மாமாவைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் மாமாவே போய் இசக்கிக் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இசக்கி கைவேகம் உள்ளவர், வாய்வேகம் அதைவிட. பழைய நிலையைப் பெயர்த்து எடுத்தார். வாசலை உயர்த்தினார். "இந்த முட்டுச்சுவரு எதுக்குய்யா? தட்டிவிட்டா நடை நேரே பட்டாசலுக்குப் போகும்லா?" என்று கேட்டார். மாமா தலையாட்டியதும், அவர் மனசு மாறுவதற்குள் தட்டிவிட்டார். பகல் சாய்வதற்குள் தெருவிலிருந்து பட்டாசல் தெரிந்தது. காற்று நேராக உள்ளே வந்தது. நான் தெருவுக்கும் பட்டாசலுக்குமாகச் சும்மாவே நடந்து நடந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்து வாத்திச்சி செய்கிற காரியமா அது?

பழைய நிலையை மட்டும் விற்க மாமா சம்மதிக்கவில்லை. "எங்க ஊரு வேம்பு அது" என்று பட்டாசல் மூலையில் சாத்திவைத்தார்.

"என் காலுக்கு என்ன வழி?"

அன்று மாலை ஜெபம் முடிந்து எல்லோரும் பட்டாசலில் இருந்தோம். மதினி கட்டிலில் இருந்தபடி புது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அப்பா" என்றார்.

"என்னட்டி?"

"வாரவங்க தலைக்கு வழி செஞ்சிட்டிய. நல்லது. என் காலுக்கு என்ன வழி?"

மாமா கையிலிருந்த வேதபுத்தகத்தை மூடினார்.

"தீயில இருந்து காப்பாத்தணும்னுதான் இந்தச் சுவத்தக் கட்டுனிய. எனக்குத் தெரியும். ஆனா நான் இங்கன கெடந்து அணைஞ்சுக்கிட்டு இருக்கேன்ப்பா. அது ஒங்க கண்ணுல படலையா?"

அழவில்லை மதினி. சாதாரணமாகத்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். மாமா எழுந்து போய் அந்தச் சுவரில் கையை வைத்தார்.

விடிந்ததும் நான் பார்த்தபோது சுவரில் கரிக்கோடு ஒன்று இருந்தது. வாசல் அகலத்துக்கு, வாசல் உயரத்துக்கு. பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார், விரலெல்லாம் கரி.

வேலைக்கு வந்த இசக்கியிடம், "வே கொத்தனாரே, இங்கன இடியும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உயரம் சரியாம்மா? ஒருத்தர் தலையும் இனி இடிக்கக் கூடாது" என்றார்.

உத்தரம் இறங்கியது

ஆகவே, நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த முதல் செங்கல் அப்படித்தான் விழுந்தது.

நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டேன். மதினியை வேறு வீட்டில் கொஞ்ச நேரம் படுக்க வைக்கலாம் என்றேன். கேட்கவில்லை. "இதப் பாக்காம நான் எங்க போவேன்?" என்று கட்டிலிலேயே இருந்தார். இசக்கி உற்சாகமாக இடித்துக்கொண்டே போனார். மதினி கட்டிலிலிருந்தே, "அந்த மூலையில ஓங்கிப் போடும்!" என்பார். அவர் ஓங்கிப் போடுவார். இரண்டு பேருக்கும் வேகம் ஏறிவிட்டது. மேலே உத்தரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது யாருக்கும் நினைவில்லை.

ஓட்டை ஆள் நுழையும் அளவுக்கு வந்தபோது தலைக்கு மேல் நறநறவென்று ஒரு சத்தம். பனை உத்தரம் கண்ணெதிரே ஒரு விரற்கடை கீழே இறங்கியது. ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. அடுத்த வீட்டு ராஜம்மா, "கூரை போகுதே!" என்று அலறுவது கேட்டது. ஒரே நீட்டுக் கூரை அல்லவா? வளவே வெளியே ஓடி வந்துவிட்டது.

உத்தரத்துக்கு நேர் கீழே மதினியின் கட்டில்.

நான் ஓட்டை வழியாகக் குதித்தேன். கட்டில் காலைப் பிடித்து இழுத்தேன். செங்கல் குவியலில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஒரு ஓடு என் தோள் பக்கத்தில் விழுந்து உடைந்தது. இசக்கி இரண்டு கையாலும் உத்தரத்தைத் தாங்கிக்கொண்டு, "ஏதாவது முட்டுக் கொடுங்கய்யா! கை போகுது!" என்று கத்தினார்.

அப்போதுதான் மாமாவைப் பார்த்தேன். மூலையில் இருந்த பழைய நிலையின் ஒரு காலை ஓங்கி மிதித்துப் பிரித்துவிட்டார். அதை இழுத்துக்கொண்டு வந்து உத்தரத்துக்குக் கீழே நிறுத்தினார். எட்டவில்லை. அவர் உயரத்துக்கு வைத்த நிலை ஆயிற்றே! "உரலு! உரல உருட்டுங்க!" என்றார். நானும் ராஜம்மாவும் முற்றத்து உரலை உருட்டி வந்து கவிழ்த்தோம். அதன்மேல் வேம்புக்காலை நிறுத்தி, இடுக்கில் ஆப்பை வைத்து மாமா அடித்தார். சத்தம் நின்றது.

தூசி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

கட்டிலிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "அப்பாவுக்கு இவ்வளவு பலம் இருக்கா? ஏட்டி எஸ்தரு, பாத்தியாட்டி? மிதிச்சாரு பாரு ஒரு மிதி!" அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாகியிருந்தது. மாமாவுக்கு மூச்சு வாங்கியது. அவரும் சிரித்தார்.

கோர்ட்டு முடிந்து வந்த என் வீட்டுக்காரர் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்து, "இது நம்ம வீடுதானா?" என்று கேட்டார். நான் அவர் கையில் ஒரு மண்கூடையைக் கொடுத்தேன். எங்களுக்கு வேலை இருந்தது.

மாமாவைப் பிடித்த வேகம்

அன்றிலிருந்து மாமாவை நிறுத்த முடியவில்லை. சுவரைத் தொடக்கூடாது என்றவர், காலையில் எழுந்ததும் கரித்துண்டோடு வீட்டைச் சுற்ற ஆரம்பித்தார். புது வாசலுக்கு வலுவான கல் உத்தரம் வந்தது. அடுப்பு மேடையை வெளிச்சுவரோடு ஒட்டிக் கட்டச் சொன்னார். மேலே புகைபோக்கி. மேடைக்குப் பக்கத்தில் எந்நேரமும் நிறைந்திருக்க ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. தீயை அவர் மறக்கவில்லை. அதற்கு வேறு வழி கண்டுபிடித்தார், அவ்வளவுதான். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்தார். அதன் வழியாக வெயில் மேடைமேல் வட்டமாக விழுந்தது.

வாசல்படிகளையெல்லாம் எடுத்துவிட்டு, தெருவரைக்கும் சரிவாகத் தளம் போடவேண்டும் என்று கேட்டது மதினி. மழைத்தண்ணீர் உள்ளே வருமே என்றார் இசக்கி. "வாசலுக்குக் குறுக்கே ஒரு ஓடை வெட்டிக் கல்லப் போட்டு மூடும், வே" என்றார் மாமா. என் அறைச் சுவரையும் இடித்துவிடலாமா என்று அவர் ஒருநாள் கேட்டபோதுதான் நான் கடப்பாரையை எடுத்து ஒளித்துவைத்தேன்.

ராஜம்மா தினம் வந்து பார்த்துவிட்டுப் போவாள். "நின்னுக்கிட்டா சமைக்கது? கல்யாண வீட்டுத் தவசிப்பிள்ளை மாதிரியில்லா இருக்கு!" என்பாள். மதினி, "ஆமாட்டி, இனிமே தெனமும் கல்யாணச் சமையல்தான் இங்கன" என்பார்.

மேடை காய்ந்தது. ஆசாரி ஒரு உயரமான முக்காலி செய்து கொடுத்தார். முதல் நாள் மதினி கம்பை ஊன்றிப் பட்டாசலிலிருந்து புது வாசல் வழியாக நடந்தார். நாங்கள் யாரும் பிடிக்கக் கூடாது என்று உத்தரவு. பைய, பைய. முக்காலியில் சாய்ந்து, நீட்டிய காலை ஒரு பக்கம் வைத்து, அடுப்பைப் பற்றவைத்தார்.

சாரல் காற்று மேற்கேயிருந்து சுழற்றி அடிக்க, புகை போக வேண்டிய வழியில் போகாமல் மொத்தமும் வீட்டுக்குள் திரும்பியது. மதினி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முக்காலியிலேயே இருக்க, மற்ற எல்லோரும் இருமிக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். மாமாவும் பட்டாசலில் அசையாமல் உட்கார்ந்து, கண்ணில் நீர் கொட்ட, "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு" என்றார். இசக்கி கூரைமேல் ஏறி, ஒரு பானையின் அடியை உடைத்துப் புகைபோக்கிக்குத் தொப்பி போட்டபிறகு சரியானது.

அன்றைக்குக் கூட்டாஞ்சோறு. கீரையை அள்ளிப் போட்ட கொஞ்ச நேரத்தில் ராஜம்மா கிண்ணத்தோடு வந்தாள். "சும்மாதான் வந்தேன்" என்றாள். போகும்போது மாமாவிடம், "அண்ணாச்சி, எங்க வீட்டுக்கும் ஒரு மேடைக்குக் கோடு இழுத்துக் குடுப்பியளா?" என்று கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை

அப்புறம் சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. எனக்குப் பள்ளி விடுமுறை. முற்றத்தில் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தேன். அடுப்பு எரிகிறது. முக்காலியில் மதினி இல்லை. கட்டிலிலும் இல்லை. கம்பும் இல்லை.

"மாமா! மதினியக் காணோம்!"

மாமா அறையிலிருந்து ஓடி வந்தார். சவரம் செய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் பாதி முகத்தில் சோப்போடு வந்தார். மூன்று பேரும் வாசலுக்குப் போனோம். வாசல் திறந்து கிடந்தது.

தெருவில், வேப்பமர நிழலில், மீன்காரியின் கூடைக்கு எதிரே கம்பை ஊன்றிக்கொண்டு மதினி நின்றார். சேலையை ஒழுங்காக உடுத்தி, தலைவாரிக் கொண்டை போட்டிருந்தார்.

"இது இன்னைக்குப் பிடிச்ச விராலா? செவுளத் தூக்கிக் காட்டு பாப்பம். எங்கிட்டயா இந்தக் கதை சொல்லுத?"

"எம்மா, நீங்களா! ஒங்களப் பாத்து எம்புட்டு நாளாச்சு!" என்று மீன்காரி எழுந்து நின்றுவிட்டாள்.

நாங்கள் மூன்று பேரும் வாசலில் வரிசையாக நின்று அதைப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் முகத்துச் சோப்பு காய்ந்து வெடிக்கத் தொடங்கியது. அவர் துடைக்கவில்லை.

மதினி திரும்பிப் பார்த்தார்.

"என்ன அங்கன வேடிக்கை? மீனக் கையிலயா வாங்குவாக? ஏட்டி எஸ்தரு, ஓடிப் போய் மண்சட்டிய எடுத்துட்டு வா!"

நான் ஓடினேன். சரிவில் ஏறி, நடை வழியாக, பட்டாசல் வழியாக, நேரே அடுக்களைக்கு. சட்டியை எடுத்துக்கொண்டு அதே வேகத்தில் திரும்பி ஓடி வந்தேன். எங்கேயும் குனியவில்லை, காலைத் தூக்கவில்லை, ஒரு மூலை திரும்பவில்லை. ஒரே ஓட்டம்.